பெண் சூப்பர் ஹீரோக்கள்: தர்மபுரி ரசிகை ஒருத்தியிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காமிக்ஸ் படிக்கும் பெண் என்று தெரிந்துவிட்டால் எங்கள் ஊரில் கேள்விகளுக்குப் பஞ்சமில்லை. தெருப் பிள்ளைகள் கேட்பது ஒன்று, அவர்களின் அம்மாக்கள் கேட்பது வேறொன்று, இரும்புக்கை மாயாவி காலத்து அண்ணன்மார்கள் கேட்பது இன்னொன்று. திரும்பத் திரும்ப வருகிற கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன். பதில்கள் ஒரு ரசிகையின் பதில்கள். நடுநிலையை எதிர்பார்க்க வேண்டாம்.

உலகின் முதல் பெண் சூப்பர் ஹீரோ வொண்டர் வுமன்தானே, அக்கா?

இல்லை. 1940இல் ஃபேன்டோமா என்றொரு காட்டு நாயகி வந்துவிட்டாள். கோபம் வந்தால் அவள் முகம் மண்டையோடாக மாறும். 1941 ஏப்ரலில் மிஸ் ஃப்யூரி செய்தித்தாள் தொடராகத் தொடங்கியது. அதை எழுதி வரைந்தவர் டார்ப் மில்ஸ் என்ற பெண்மணி. முதற்பெயரான ஜூனைப் போட்டால் பெண் என்று தெரிந்துவிடும் என்பதால் அதை விட்டுவிட்டுக் கையெழுத்திட்டார். வொண்டர் வுமன் வந்தது அதே 1941இன் கடைசியில். ஆனால் முதலில் வந்தவர்கள் மறைந்துபோக, எண்பது ஆண்டுகளைத் தாண்டியும் அச்சில் இருப்பவர் வொண்டர் வுமன். அதனால் அந்தப் பெருமை அவருக்கே போய்விட்டது.

வொண்டர் வுமனை உருவாக்கியவர் ஒரு பெண்ணா?

வில்லியம் மோல்ட்டன் மார்ஸ்டன் என்ற உளவியலாளர். பொய் சொல்லும்போது ரத்த அழுத்தம் எப்படி மாறுகிறது என்று ஆராய்ந்தவர். பொய் கண்டறியும் கருவியின் வரலாற்றில் அவர் பெயர் உண்டு. தன் நாயகியின் கையில், கட்டப்பட்டவரை உண்மை பேசவைக்கும் கயிற்றைக் கொடுத்தது தற்செயலா என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். படம் வரைந்தவர் ஹெச். ஜி. பீட்டர்.

மார்ஸ்டன் விசித்திரமான மனிதர். உலகத்தைப் பெண்கள் ஆள வேண்டும் என்று மனதார நம்பினார். அதே மனிதர் ஏறக்குறைய எல்லாக் கதைகளிலும் நாயகியைச் சங்கிலியாலும் கயிற்றாலும் கட்டிப்போட்டார். அவள் கட்டை அறுத்துக்கொண்டு வருவாள் என்பது உண்மைதான். ஆனாலும் அவர் அதில் கொஞ்சம் அதிகமாகவே ரசித்திருக்கிறார் என்பது என் எண்ணம். அவருடைய மனைவி எலிசபெத், அவர்களுடன் ஒரே வீட்டில் வாழ்ந்த ஆலிவ் பர்ன் என்ற இரு பெண்களின் சாயல் வொண்டர் வுமனில் உண்டு. 1944 முதல் 1947 வரை ஜாய் ஹம்மல் என்ற இளம்பெண் எழுபதுக்கும் மேற்பட்ட கதைகளை எழுதினார். அச்சில் அவர் பெயர் வரவில்லை.

இன்னொரு செய்தியைச் சொன்னால் பிள்ளைகள் சிரிக்கிறார்கள். ஜஸ்டிஸ் சொசைட்டி என்ற வீரர்கள் சங்கத்தில் வொண்டர் வுமன் சேர்ந்தபோது அவருக்குக் கொடுத்த பதவி செயலாளர். ஆண்கள் போருக்குப் போவார்கள். தேவர்களின் வலிமை பெற்ற அமேசான் இளவரசி பதிவேடு பார்த்துக்கொள்வார். அந்தக் கதைகளை எழுதியவர் மார்ஸ்டன் அல்ல. ஒரே ஆண்டில், ஒரே நாயகி, ஒரு எழுத்தாளரிடம் போரை நிறுத்துகிறாள், இன்னொருவரிடம் குறிப்பெடுக்கிறாள். பெண் சூப்பர் ஹீரோ எவ்வளவு பலசாலி என்பது அவளை எழுதுபவரைப் பொறுத்தது.

ஒரு பாத்திரம் நன்றாக எழுதப்பட்டிருக்கிறதா என்று எப்படிப் பார்க்கிறீர்கள்?

கதையின் திருப்பத்தில் முடிவெடுப்பது யார் என்று பார்ப்பேன். எத்தனை டன் தூக்குகிறாள், எவ்வளவு வேகத்தில் பறக்கிறாள் என்பதெல்லாம் பிறகு. நூறு வில்லன்களை அடித்து வீழ்த்திவிட்டுக் கடைசிப் பக்கத்தில் ஒரு ஆணின் முடிவுக்காகக் காத்திருந்தால், அந்த நூறு அடியும் வெறும் படம். இந்த அளவுகோலைக் கீழே பல இடங்களில் பயன்படுத்தப்போகிறேன்.

தமிழில் பெண் நாயகி காமிக்ஸ் உண்டா?

இதைக் கேட்பவர்களை எனக்கு மிகவும் பிடிக்கும். சிவகாசியிலிருந்து 1972இல் முத்து காமிக்ஸ் தொடங்கியபோது வந்த முதல் நாயகர் இரும்புக்கை மாயாவி. பிறகு முத்துவில் லாரன்ஸ், டேவிட், ஜானி நீரோ, பின்னாளில் லயன் காமிக்ஸில் இயந்திர மனிதன் ஆர்ச்சி, ஸ்பைடர் என்று வரிசையாக வந்தவர்கள் எல்லாம் ஆண்கள். ஆர்ச்சியையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். அவை பிரிட்டனில் சிறுவர்களுக்காக வெளியான இதழ்களின் கதைகள். சிறுமி வாசகர் அந்தப் பதிப்பாளர்களின் கணக்கில் தனிப்பெட்டியில் இருந்தார்.

ஆனால் 1984 ஜூலையில் லயன் காமிக்ஸ் தன் முதல் இதழை வெளியிட்டபோது அட்டையில் இருந்தவர் ஒரு பெண்: மாடஸ்டி பிளைசி. 'கத்தி முனையில் மாடஸ்டி' என்பது அந்த இதழின் பெயர். புதிதாகத் தொடங்கும் ஒரு சிறுவர் காமிக்ஸ், தன் முதல் அடியை ஒரு நாயகியை நம்பி எடுத்து வைத்தது. அன்றைய சந்தையில் இது சாதாரணத் துணிச்சல் இல்லை. லயன் வாசகர்கள் இன்றும் அவரை இளவரசி என்றுதான் அழைக்கிறார்கள். கதையில் அவருடைய தோழர் வில்லி கார்வின் அழைக்கும் பெயர் அது.

மாடஸ்டிக்கு மாயசக்தி எதுவும் இல்லை. அதனால் அவர் சூப்பர் ஹீரோ ஆகமாட்டார் என்று சிலர் வாதிடுகிறார்கள். பேட்மேனுக்கு மட்டும் என்ன இருக்கிறது? இரண்டாம் உலகப் போரில் அநாதையாகி, அகதி முகாமிலிருந்து தப்பி நடந்த சிறுமி. டாஞ்சியரில் ஒரு குற்றக் குழுவுக்குத் தலைவியாகி, பணம் சேர்த்து, இருபத்தைந்து முப்பது வயதுக்குள் ஓய்வும் பெற்றுவிட்டவர். பீட்டர் ஓ'டானல் எழுத, ஜிம் ஹோல்டவே வரைய, 1963 மே மாதம் லண்டன் மாலைத்தாள் ஒன்றில் தொடங்கிய தொடர் 2001 வரை ஓடியது. எழுத்தாளர் கடைசிவரை ஒருவரே. அதனால்தான் மாடஸ்டியின் குணம் ஆளுக்கொரு விதமாக மாறவில்லை.

என் அளவுகோலில் மாடஸ்டி முழு மதிப்பெண். திட்டம் அவருடையது, ஆபத்து அவருடையது, தவறினால் பழியும் அவருடையது. வில்லி கார்வின் அவரைவிட உடல் வலிமை மிக்கவர். ஆனாலும் உத்தரவுக்காக அவர் முகத்தைத்தான் பார்ப்பார். இருவருக்கும் காதல் கிடையாது. அந்த நட்பை முப்பத்தெட்டு ஆண்டுகள் கலைக்காமல் வைத்திருந்தாரே ஓ'டானல், அதற்காகவே அவரைக் கும்பிடலாம்.

அந்த உடைகள்... அதைப் பற்றி என்ன சொல்வது?

அம்மாக்கள் குரலைத் தாழ்த்திக் கேட்கும் கேள்வி. உரக்கவே கேட்கலாம்.

ஆபாசம் என்று ஒதுக்குவதும் எனக்குச் சம்மதமில்லை, கலை என்று பூசி மெழுகுவதும் சம்மதமில்லை. உடையின் நீளம் சிறிய பிரச்சினை. உடல் எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்பதே பெரிய பிரச்சினை. ஆண் வீரனை வரையும்போது அவன் எதிரியைப் பார்த்து நிற்கிறான். பெண்ணை வரையும்போது முதுகெலும்பு இல்லாதவள் போல வளைத்து, எதிரியை விட்டுவிட்டு வாசகனைப் பார்க்க வைக்கிறார்கள். 2012இல் ரசிகர்கள் இதைக் கேலி செய்ய ஒரு வழி கண்டுபிடித்தார்கள். ஹாக்ஐ என்ற ஆண் வில்லாளனை அதே பெண் நாயகிகளின் கோணங்களில் வரைந்து வெளியிட்டார்கள். பார்த்த எவருக்கும் அதற்குப் பிறகு விளக்கம் தேவைப்படவில்லை. 2014இல் ஸ்பைடர்-வுமன் முதல் இதழுக்கு மிலோ மனாரா வரைந்த மாற்று அட்டைக்கு எழுந்த கண்டனமும் இதே காரணத்தால்தான்.

1954இல் அமெரிக்கப் பதிப்பாளர்கள் தங்களுக்குத் தாங்களே விதித்துக்கொண்ட தணிக்கை விதிகளில், பெண்களின் உடலை மிகைப்படுத்தாமல் இயல்பாக வரைய வேண்டும் என்று ஒரு வரி இருந்தது. விதி ஒழுங்காகத்தான் இருக்கிறது. ஆனால் அந்தக் காலத்து நாயகிகள் உடையில் மட்டுமல்ல, துணிச்சலிலும் அடங்கிப்போனார்கள். கல்யாணக் கனவும் காதலனின் சந்தேகமுமாகப் பக்கங்கள் நிரம்பின. போர்த்திவிட்டால் போதும் என்பவர்களுக்கு அந்த ஆண்டுகளின் இதழ்களைத்தான் காட்டுவேன்.

2016 அக்டோபரில் ஐக்கிய நாடுகள் சபை வொண்டர் வுமனைப் பெண்கள் முன்னேற்றத்துக்கான கௌரவத் தூதராக அறிவித்தது. அங்கே பணிபுரிந்தவர்களே எதிர்த்தார்கள். டிசம்பரில் அந்தப் பொறுப்பு முடிந்துபோனது. உடை ஒரு காரணம். உயிருள்ள ஒரு பெண்ணும் கிடைக்கவில்லையா என்பது இன்னொரு காரணம். ரசிகையாக எனக்கு வருத்தம்தான், ஆனால் இரண்டாவது கேள்விக்கு என்னிடமும் பதில் இல்லை.

நல்ல பெண் பாத்திரங்கள் ஏன் கொல்லப்படுகிறார்கள்?

1994இல் கிரீன் லேன்டர்ன் 54ஆம் இதழில், நாயகன் கைல் ரெய்னர் வீடு திரும்பும்போது அவன் காதலி அலெக்சாண்ட்ராவின் உடல் குளிர்சாதனப் பெட்டியில் இருக்கிறது. வில்லன் வைத்துவிட்டுப் போனது. நாயகனுக்குக் கோபம் வர வேண்டும், அதற்கு ஒரு பிணம் தேவைப்பட்டது. கெயில் சிமோன் என்ற வாசகி (பிறகு அவரே புகழ்பெற்ற காமிக்ஸ் எழுத்தாளர் ஆனார்) 1999இல், இப்படிக் கொல்லப்பட்ட, முடமாக்கப்பட்ட, சக்தி பறிக்கப்பட்ட பெண் பாத்திரங்களைப் பட்டியலிட்டு, காமிக்ஸ் எழுதுபவர்களிடமே காரணம் கேட்டார். குளிர்சாதனப் பெட்டிப் பெண்கள் என்ற பெயர் அன்றிலிருந்து நிலைத்துவிட்டது.

ஆண் வீரர்களும் சாகிறார்களே என்பார்கள். சாகிறார்கள், வீரச் சாவு சாகிறார்கள், சில ஆண்டுகளில் கம்பீரமாகத் திரும்பியும் வருகிறார்கள்.

பெண்ணின் துயரத்தைக் கதையாக்குவதே தவறு என்று நான் சொல்லவில்லை. எங்கள் மாவட்டத்தில் திரௌபதி அம்மன் திருவிழாவுக்குப் பாரதக் கூத்து பார்த்து வளர்ந்தவர்களுக்கு இது தெரியும். துகிலுரியும் இரவில் திரௌபதி சபையில் அவமானப்படுத்தப்படுகிறாள். ஆனால் அந்த அவமானம் வீமனின் கோபத்துக்குத் தீனியாக மட்டும் முடிந்துவிடுவதில்லை. சபதம் அவளுடையது, விரித்த கூந்தல் அவளுடையது. படுகளத்தன்று மண்ணால் செய்த துரியோதனன் உருவத்தின் மேல் கூந்தலை முடிவதும் அவள்தான். ஊரே அந்த முடிச்சுக்காக நாள்கணக்கில் காத்திருக்கிறது. அலெக்சாண்ட்ராவுக்கு ஒரு சபதம் செய்யக்கூட வாய்ப்பில்லை. பெட்டியோடு அவள் கதை முடிந்தது.

பார்பரா கார்டன் மீண்டும் நடந்தது நல்லதா, கெட்டதா?

தெரியாதவர்களுக்கு: பேட்கேர்ளாக 1967இல் அறிமுகமான பார்பராவை 1988இல் பேட்மேனின் எதிரி ஜோக்கர் சுட்டான். இடுப்புக்குக் கீழே செயலிழந்தது. அந்தக் கதை அவளைப் பற்றியதுகூட இல்லை, அவள் தந்தைக்கும் பேட்மேனுக்கும் வலி கொடுக்கவே சுடப்பட்டாள். மேலே சொன்ன அதே பெட்டி.

அடுத்த ஆண்டே ஜான் ஆஸ்ட்ராண்டரும் அவர் மனைவி கிம் யேலும் அவளைக் குப்பையிலிருந்து மீட்டார்கள். சக்கர நாற்காலியில், கணினிகளுக்கு நடுவே, ஆரக்கிள் என்ற புதிய பெயரோடு. எல்லா வீரர்களுக்கும் தகவல் அவளிடமிருந்துதான் போக வேண்டும். அவள் இணைப்பைத் துண்டித்தால் பேட்மேனே திண்டாடுவார். 2011இல் பேட்மேன் கதைகளை வெளியிடும் டிசி நிறுவனம் தன் கதைகளை எல்லாம் புதிதாகத் தொடங்கியபோது பார்பராவை நடக்கவைத்து மீண்டும் பேட்கேர்ள் ஆக்கினார்கள். எழுதியவர் அதே கெயில் சிமோன். நன்றாகவே எழுதினார். இருந்தும் எனக்கு இழப்புதான். கூரையில் தாவும் வீராங்கனைகள் டிசியிடம் டஜன் கணக்கில் இருந்தார்கள். ஆரக்கிள் ஒருத்திதான் இருந்தாள்.

அதிக சக்தி கிடைத்ததும் பெண் பாத்திரங்களுக்கு ஏன் புத்தி பேதலிக்கிறது?

ஜீன் கிரேயைத்தானே கேட்கிறீர்கள்? 1980இல் எக்ஸ்-மென் கதையில் அவளுக்குள் ஃபீனிக்ஸ் என்னும் அண்டசக்தி முற்றி, ஒரு சூரியனை விழுங்கி, ஐந்நூறு கோடி உயிர்கள் வாழ்ந்த கோளை அழித்துவிடுகிறாள். எழுதிய கிறிஸ் கிளேர்மான்ட்டும் வரைந்த ஜான் பர்னும் முதலில் திட்டமிட்டபடி அவள் சக்தியை மட்டும் இழந்து உயிரோடு இருந்திருப்பாள். இத்தனை பேரைக் கொன்றவள் தண்டனை இல்லாமல் போகக்கூடாது என்று தலைமை ஆசிரியர் ஜிம் ஷூட்டர் மறுத்தார். 137ஆம் இதழில் ஜீன் தன் உயிரைத் தானே முடித்துக்கொண்டாள். ஸ்கார்லெட் விட்ச்சுக்கும் 2005இல் இதே கதி: மனம் உடைந்து, ஒரு வார்த்தையில் உலகின் பெரும்பாலான மியூட்டன்ட்களின் (பிறவியிலேயே விசேஷ சக்தி கொண்டவர்களின்) சக்தியைப் பறித்துவிட்டாள்.

அந்த 137ஆம் இதழ் அருமையான கதை என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. இன்று படித்தாலும் தொண்டை அடைக்கும். ஆனால் கோபத்தில் ஊரை எரித்த பெண்ணைத் தமிழ் வாசகர் முன்பே அறிவார். மதுரைக்குத் தீ மூட்டும்போது கண்ணகி பித்துப் பிடித்தவளாக இல்லை. முதியோரையும் குழந்தைகளையும் பசுக்களையும் அறவோரையும் விட்டுவிட்டுத் தீயோரை மட்டும் சேர் என்று தீக்கே கட்டளையிடுகிறாள். அது நியாயமா என்று விவாதிக்கலாம். முடிவு அவளுடையது என்பதில் விவாதமில்லை. பிறகு அவளுக்குக் கோயிலும் எடுத்தார்கள். ஜீன் கோளை அழிக்கும் பக்கத்தில் ஜீனே இல்லை. பசி மட்டும் இருக்கிறது. பெரும் சக்தியையும் தெளிந்த புத்தியையும் ஒரே பெண்ணிடம் சேர்த்து வைக்க அமெரிக்க எழுத்தாளர்கள் நெடுங்காலம் தயங்கினார்கள்.

சூப்பர்கேர்ள், பேட்கேர்ள், ஸ்பைடர்-வுமன், ஷி-ஹல்க்... சொந்தப் பெயர் கிடைக்காதா?

சிலரைப் பெற்றெடுத்ததே வழக்கறிஞர்கள்தான். ஸ்பைடர்-வுமன் 1977இல் வந்ததும் ஷி-ஹல்க் 1980இல் வந்ததும், வேறு யாராவது அந்தப் பெயர்களை முந்திக்கொள்ளாமல் தடுக்க. அப்படிப் பிறந்த ஷி-ஹல்க் கதைக்குள்ளேயே வழக்கறிஞராக இருப்பது எனக்கு மிகவும் பிடித்த வேடிக்கை. 1989 தொடரில் தன்னை எழுதும் ஜான் பர்னிடமே சண்டைக்குப் போவாள். கடன் வாங்கிய பெயரோடு வந்து கதையைத் தன் பெயருக்கு எழுதிக்கொண்டவள்.

பெண்கள் எழுதினால்தான் சரியாக வருமா?

அப்படிச் சொன்னால் வசதியாக இருக்கும். உண்மை கொஞ்சம் சிக்கலானது. 1980இல் அவெஞ்சர்ஸ் 200ஆம் இதழில் மிஸ் மார்வல் என்ற கரோல் டான்வர்ஸை ஒருவன் மனத்தை மயக்கி, கர்ப்பமாக்கி, தன்னோடு அழைத்துப்போகிறான். தோழர்கள் வாழ்த்தி வழியனுப்புகிறார்கள். எழுதியவர்கள் எல்லாரும் ஆண்கள், யாருக்கும் உறுத்தவில்லை. அடுத்த ஆண்டு, கரோல் திரும்பிவந்து அந்தத் தோழர்களின் முகத்துக்கு நேரே 'நான் துன்பப்பட்டபோது நீங்கள் பார்த்துக்கொண்டிருந்தீர்கள்' என்ற பொருளில் கேட்கும் கதையை எழுதியவரும் ஓர் ஆண், கிளேர்மான்ட். ஆனாலும் கரோலைக் கேப்டன் மார்வலாக நிமிர்த்தி, விமானியின் சீருடை போன்ற உடையில் நிறுத்தியது 2012இல் கெல்லி சூ டெகானிக் வந்த பிறகுதான்.

பள்ளிப் பிள்ளைக்கு எதை முதலில் கொடுக்கலாம்?

கமலா கான், மிஸ் மார்வல். 2014இல் தொடங்கிய தொடர். எழுதியவர் ஜி. வில்லோ வில்சன், வரைந்தவர் ஏட்ரியன் அல்ஃபோனா, உருவாக்கத்தில் ஆசிரியர் சனா அமானத்துக்குப் பெரும் பங்கு. முதல் தொகுதிக்கு 2015இல் அறிவியல் புனைவுக்கான ஹியூகோ விருது கிடைத்தது. ஜெர்சி சிட்டியில் வாழும் பாகிஸ்தானிக் குடும்பத்துப் பெண். மாலைக்குமேல் வெளியே போகாதே என்னும் அம்மா, படிப்பைக் கேட்கும் அப்பா. எங்கள் தெருப் பெண்களுக்கு இதற்கு மேல் அறிமுகம் தேவையில்லை.

உருவம் மாற்றும் சக்தி கிடைத்ததும் கமலா முதலில் மாறுவது வெள்ளைத் தோலும் பொன்னிற முடியும் கொண்ட கரோலாக. மாறிய பிறகுதான் தெரிகிறது, அந்தப் பழைய உடை உடம்பை உறுத்துகிறது, முடி கண்ணை மறைக்கிறது. இந்தப் பக்கங்களைப் படித்த ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி, "எங்கள் பெரியம்மா வாங்கித் தருகிற சிவப்பழகு கிரீம் கதைதான் அக்கா இது" என்றாள். நான் அதற்குமேல் எதையும் விளக்கவில்லை.

ஜோக்கர் பார்பராவைச் சுடும் அந்தப் புத்தகத்தைப் பிள்ளைகள் கையில் கொடுக்க வேண்டாம். பேட்மேன் படம் போட்ட அட்டை என்று நம்பி வாங்கிவிடுகிறார்கள்.

நம் ஊரில் ஔவையார் இருக்கும்போது எதற்கு அமெரிக்க நாயகிகள்?

அதியமானுக்காகத் தொண்டைமானிடம் தூது போய், அவன் படைக்கலக் கொட்டிலின் பளபளப்பைப் புகழ்வதுபோல் பேசி, எங்கள் அரசன் ஆயுதங்களோ போரிட்டு முனை முறிந்து கொல்லன் உலையில் கிடக்கின்றன என்று குத்திக் காட்டிய கிழவியை நான் விட்டுக்கொடுப்பேனா? இரண்டையும் படிக்கலாம். யாரும் ரேஷன் அட்டை கேட்பதில்லை. இந்தியாவுக்குள்ளேயே வேண்டும் என்றால், பாலியல் வன்முறைக்கு ஆளான பெண் புலியின் மீதேறி வரும் 'பிரியாஸ் சக்தி' 2014இல் வந்தது.

தர்மபுரியில் எங்கே கிடைக்கும்?

தமிழ் இதழ்களுக்குச் சிவகாசிக்குச் சந்தா கட்டினால் தபாலில் வந்துவிடும். தர்மபுரிப் புத்தகத் திருவிழாவிலும் தேடிப் பாருங்கள். ஆங்கிலத் தொகுதிகளுக்கு எனக்குப் பெங்களூர்தான். பழைய புத்தகக் கடைகளில் பாதி விலை. பஸ் செலவைக் கூட்டினால் கணக்கு சரியாகிவிடும்.

கடைசியாக ஒன்று: உங்களுக்கு மிகவும் பிடித்தவர் யார்?

ஸ்டார்ம். 1975இல் எக்ஸ்-மென்னில் வந்த ஒரோரோ மன்றோ. கென்ய இளவரசிக்கும் அமெரிக்கருக்கும் பிறந்து கெய்ரோ தெருக்களில் அநாதையாக வளர்ந்தவள். மழையும் மின்னலும் அவள் சொல் கேட்கும். ஆனால் என் மனத்தில் நிற்கிற கதையில் அவளிடம் மழையும் இல்லை, மின்னலும் இல்லை. சக்தி முழுவதும் பறிபோன நிலையில், 1986இல் வந்த 201ஆம் இதழில், எக்ஸ்-மென் தலைமைக்காகச் சைக்ளாப்ஸோடு மோதுகிறாள். கண்ணால் மலையைப் பிளக்கிறவன் அவன், வெறுங்கையோடு அவள். அவன் கண்ணாடியைப் பறித்து வெல்கிறாள். யாரும் விட்டுக்கொடுக்கவில்லை, யாரும் வந்து காப்பாற்றவில்லை. தலைமை வேண்டும் என்று கேட்டதும் அவள், எடுத்துக்கொண்டதும் அவள்.

தோற்ற சைக்ளாப்ஸ் வீட்டுக்குப் போனான். கொஞ்ச நாளில், செத்துவிட்டதாக நினைத்த பழைய காதலி ஜீன் உயிரோடு இருக்கிறாள் என்று தெரிந்ததும் மனைவி மேடலினையும் கைக்குழந்தையையும் விட்டுவிட்டுக் கிளம்பினான். அவனை வீரனாகவே வைத்துக்கொண்டு, கைவிடப்பட்ட மேடலினை வில்லியாக்கினார்கள். அவளைப் பற்றிக் கேட்பதானால் இன்னொரு நாள் சாவகாசமாக வாருங்கள். எனக்குக் கோபம் அடங்க நேரமாகும்.